கைண்ட் ஆஃப் புளூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாராவது வீட்டுக்கு வந்து, பேச்சு இசைப் பக்கம் திரும்பினால் நான் இந்த ஆல்பத்தைப் போட்டுவிடுவேன். பல வருடப் பழக்கம். வருகிற ஆட்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. கர்நாடக சங்கீதம் கற்றவர் ஒன்று கேட்பார், கீபோர்டு வாசிக்கும் பையன் இன்னொன்று கேட்பான், அப்புறம் இணையத்தில் எதையோ படித்துவிட்டு வருபவர் மூன்றாவதாக ஒன்று கேட்பார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் அடுத்த முறை பேசாமல் கேட்கலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், வம்பு பிடித்தவை பின்னால்.

இது என்ன ஆல்பம், யார் வாசிச்சது? சுருக்கமா சொல்லுங்க.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் நியூயார்க்கில் பதிவுசெய்த ஆல்பம். கொலம்பியா நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்டது. மொத்தம் 5 டிராக், முக்கால் மணி நேரம்.

மைல்ஸுடன் வாசித்தவர்கள்: ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், பியானோவில் பில் எவன்ஸ், பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். ஒரே ஒரு டிராக்கில் மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி. ஆக 7 பேர் பெயர் வரும், ஆனால் ஒரு நேரத்தில் 6 பேருக்கு மேல் வாசிக்கவில்லை.

பேருக்கு என்ன அர்த்தம்? 'ஒருவித நீலம்'னா?

ஆங்கிலத்தில் புளூ என்றால் நிறம், சோகம், அப்புறம் புளூஸ் என்ற இசை வகை, மூன்றும் நினைவுக்கு வரும். 'ஒரு மாதிரி இருக்கு' என்று நாம் சொல்வோமே, காரணம் சொல்லத் தெரியாத அந்த மனநிலைக்குப் பக்கத்தில் வருகிறது இந்தத் தலைப்பு. அழுகைச் சோகம் இதில் எங்கும் இல்லை.

நான் ஜாஸே கேட்டதில்லை. இதுல ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். பலரும் இதில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். வேகம் குறைவு, இடைவெளி அதிகம், யார் எப்போது வாசிக்கிறார் என்பது தெளிவாகக் கேட்கும். ஒரே ஓர் ஆபத்து உண்டு. காதுக்கு இதமாக இருப்பதால் பின்னணியில் ஓடவிட்டுவிடத் தோன்றும். காபிக் கடைகளில் இதைத் தண்ணீர் மாதிரி ஓடவிட்டே பாதிப் பேருக்கு இது 'சும்மா சாஃப்ட் மியூசிக்' என்ற எண்ணம் வந்துவிட்டது. முதல் டிராக்கை மட்டுமாவது வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள், 9 நிமிடம்தான்.

முதல் அரை நிமிஷம் ஒண்ணுமே சரியா கேட்கல. என் போன்ல கோளாறா?

இல்லை. முதல் டிராக்கான 'ஸோ வாட்' பியானோவும் பேஸும் தாளமில்லாமல் மெதுவாகப் பேசிக்கொள்வதில் தொடங்குகிறது. கிட்டத்தட்ட ஓர் ஆலாபனைத் துண்டு. இந்த முன்னுரையை எழுதியவர் இசைக் கோப்பாளர் கில் எவன்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸின் கீழ் ஸ்வரங்கள் வெளியே வருவதே இல்லை. இயர்போன் மாட்டுங்கள். ஆல்பத்தின் பாதி பால் சேம்பர்ஸின் விரலில் இருக்கிறது, அதைக் கேட்காமல் என்ன பயன்?

பாட்டே இல்லையே, எதைப் பிடிச்சுக்கிட்டு கேட்கிறது?

'ஸோ வாட்'டையே எடுத்துக்கொள்வோம். முன்னுரை முடிந்ததும் பேஸ் ஒரு சின்ன வாக்கியம் சொல்லும். பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்லும், 'ஸோ... வாட்' என்று உச்சரிப்பது போலவே. நம் பேச்சில் 'அதுக்கென்ன?' பேஸ் மறுபடி சொல்லும், மறுபடி 'அதுக்கென்ன?'. சிறிது நேரத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் பதிலில் சேர்ந்துகொள்ளும். பொதுவாக மெட்டைச் சொல்வது டிரம்பெட்டின் வேலை, அடியில் நடப்பது பேஸின் வேலை. இங்கே தலைகீழ்.

மெட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகத் தனி வாசிப்பார்கள்: மைல்ஸ், கோல்ட்ரேன், ஆடர்லி, எவன்ஸ். பின்னால் மெட்டு திரும்ப வரும். ஆல்பம் முழுக்க ஏறத்தாழ இதே சட்டகம்தான், ஆட்களின் வரிசை மட்டும் மாறும்.

ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒன்றரை நிமிடம் தாண்டி, மைல்ஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கும் கணத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார். அந்த உலோக ஓசை காற்றில் விரிந்து மெல்ல அடங்கும்போது டிரம்பெட் உள்ளே வரும். அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டதோ என்று காப் அப்போது கவலைப்பட்டாராம். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

ரெண்டு சாக்ஸபோன் கேட்குது. எது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்டீரியோவில் கேட்டால் சுலபம். கோல்ட்ரேன் இடது காதில், ஆடர்லி வலது காதில், மைல்ஸ் நடுவில். அதற்கப்புறம் குணத்தை வைத்துப் பிடிக்கலாம். கோல்ட்ரேனின் டெனர் கனமான குரல். ஏதோ ஒன்றைத் தோண்டித் தேடுவது போல ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போவார். ஆடர்லியின் ஆல்டோ உயர்ந்த, பளிச்சென்ற குரல். சோகமான இடத்தில்கூட அவர் கையில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். 'புளூ இன் கிரீன்' டிராக்கில் மட்டும் ஆடர்லி வாசிக்கவில்லை, அங்கே கேட்கும் சாக்ஸபோன் கோல்ட்ரேன்தான்.

டிரம்பெட் சில இடத்துல மூக்கடைச்ச மாதிரி இருக்கே?

அது ஹார்மன் மியூட். டிரம்பெட்டின் வாயில் செருகும் அலுமினிய அடைப்பு, சுற்றிலும் கார்க் இருப்பதால் காற்று பக்கவாட்டில் கசியாது. அதன் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கும். மைல்ஸ் அதைக் கழற்றிவிட்டு, மைக்குக்கு மிக அருகில் நின்று வாசிப்பார். காதோரம் யாரோ முணுமுணுப்பது போன்ற அந்த ஒலி இப்படித்தான் வருகிறது. 'புளூ இன் கிரீன்', 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டிலும் மியூட் உண்டு. 'ஆல் புளூஸ்' டிராக்கில் மெட்டை மியூட்டோடு வாசித்துவிட்டு, தனி வாசிப்பில் திறந்த டிரம்பெட்டுக்கு மாறுகிறார். திரை விலகுவது போல இருக்கும், கவனியுங்கள்.

'மோடல் ஜாஸ்', 'மோடல் ஜாஸ்'ங்கிறாங்களே, அப்படின்னா என்ன?

இதற்கு முந்தைய பதினைந்து வருட ஜாஸை முதலில் பார்க்க வேண்டும். பீபாப் என்ற பாணியில் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சரசரவென்று மாறும். ஓர் அளவுக்குள், அதாவது ஒரு சின்னத் தாளச் சுற்றுக்குள், இரண்டு கார்டு வருவதும் சகஜம். தனி வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்தும் ஸ்வரங்களைப் பிடித்தபடி ஓட வேண்டும். நெரிசல் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஏறுவது போலத்தான். அதில் மன்னாதி மன்னர்கள் இருந்தார்கள். மைல்ஸே அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்.

1950களின் நடுவில் இதில் ஒரு சலிப்பு வந்தது. ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற இசையமைப்பாளர், கார்டுகளைவிட ஸ்வர வரிசைகளை (ஆங்கிலத்தில் 'மோட்', 'மோடல்' என்ற பெயர் இதிலிருந்துதான்) அடிப்படையாக வைத்துச் சிந்திக்கும் ஒரு கோட்பாட்டை 1953இலேயே வெளியிட்டிருந்தார். பில் எவன்ஸ் அவரோடு வேலை செய்தவர். மைல்ஸ் 1958இல் 'மைல்ஸ்டோன்ஸ்' என்ற பாடலில் இதை ஒருமுறை முயன்று பார்த்தார். அடுத்த ஆண்டு வந்த இந்த ஆல்பத்தில் அது முழுதாக வெளிப்பட்டது. 'ஸோ வாட்'டில் முதல் 16 அளவுகளுக்கு ஒரே ஸ்வர வரிசை. அடுத்த 8 அளவுகளுக்கு அதே வரிசை அரை ஸ்வரம் மேலே. கடைசி 8 அளவுகளுக்குப் பழையபடி. அவ்வளவுதான் முழுப் பாடலும்.

கார்டுகளைக் குறைத்தால் வாசிப்பவருக்கு வேலை சுலபமாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் கஷ்டம் கூடுகிறது. ஓடுவதற்குப் பாதை போட்டுத்தர யாரும் இல்லை. ஒரே இடத்தில் நின்றபடி சலிக்காமல் பேச வேண்டும். மைல்ஸ் அங்கே மௌனத்தைப் பயன்படுத்துகிறார், கோல்ட்ரேன் அடுக்குகிறார், ஆடர்லி பழைய பீபாப் ஓட்டத்தையே உள்ளே கொண்டுவந்து விளையாடுகிறார். ஒரே கேள்விக்கு மூன்று பதில்.

அப்போ இது நம்ம ராகம் மாதிரிதானே?

வயலின் கற்றுக்கொள்ளும் நண்பர் ஒருவர் 'ஸோ வாட்' தொடங்கிய இரண்டாவது நிமிடமே கேட்டது இது. ஸ்வரங்களை மட்டும் பார்த்தால், ஆமாம். 'ஸோ வாட்'டில் வரும் டோரியன் என்ற வரிசையும் நம் கரஹரப்ரியாவும் ஒரே ஸ்வரங்கள்தான். கீபோர்டில் டி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் இரண்டும் வந்துவிடும். 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' டிராக்கில் 5 வரிசைகள் அடுத்தடுத்து வருகின்றன: சங்கராபரணம், ஹரிகாம்போஜி, மறுபடி சங்கராபரணம், பிறகு வகுளாபரணத்தை நினைவூட்டும் ஒரு ஸ்பானிய வாடை, கடைசியில் கரஹரப்ரியா. ஒவ்வொன்றுக்கும் ஆதார ஸ்வரம் வேறு.

ஆனால் ஸ்வர வரிசை மட்டும் ராகம் ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். ராகத்துக்கே உரிய பிடிகள் இல்லை, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லை, இந்த ஸ்வரத்தில் நிற்கலாம் அந்த ஸ்வரத்தில் நிற்கக்கூடாது என்ற மரபு இல்லை. தம்புரா போலத் தொடர்ந்து ஒலிக்கும் ஆதார சுருதியும் இல்லை. வேண்டுமானால் மேளகர்த்தாவின் ஸ்வர வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு ராகத்தை அங்கேயே உருவாக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். இந்த ஆல்பம் இந்திய இசையிலிருந்து வந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. கோல்ட்ரேன் இந்திய இசையில் தீவிர ஆர்வம் காட்டியது உண்மைதான், ஆனால் அந்த ஈடுபாடு 1960களில் வெளிப்பட்டது.

'ஸோ வாட்' நடுவுல மாறுதே, அது கிரக பேதமா?

இல்லை. இசை தெரிந்தவர்களே இதில் வழுக்குகிறார்கள். கிரக பேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்கும், எதை ஷட்ஜமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் மாறும். அதனால் வேறு ராகம் பிறக்கும். இங்கே ஷட்ஜமே டி-யிலிருந்து இ-ஃபிளாட்டுக்கு நகர்கிறது, மொத்த வரிசையும் அதோடு சேர்ந்து நகர்கிறது. ராகம் அதேதான், சுருதிதான் வேறு. பாடகர் 2 கட்டையில் பாடிக்கொண்டிருந்துவிட்டு 8 அளவுகளுக்கு மட்டும் இரண்டரைக் கட்டைக்குப் போய்த் திரும்புவது போல. நம் கச்சேரியில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், அதனால்தான் காது உடனே கிரக பேதம் என்று நினைத்துக்கொள்கிறது.

அஞ்சு டிராக்குமே மோடல்தானா?

எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும், கொஞ்சம் மிகை. 'ஸோ வாட்', 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டும் மேலே சொன்ன பொருளில் அசல் மோடல். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' சாதாரண 12 அளவு புளூஸ். கடைசி இரண்டு அளவில் மட்டும் எதிர்பார்க்கும் கார்டு வராமல் ஒரு சின்னத் திருப்பம் உண்டு. 'ஆல் புளூஸ்' டிராக்கும் 12 அளவு புளூஸ்தான், ஆனால் திஸ்ரத்தின் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) ஆட்டத்தோடு, பெரும்பகுதி ஒரே வரிசையில் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'புளூ இன் கிரீன்' டிராக்கில் கார்டுகள் நிறையவே மாறுகின்றன, 10 அளவு கொண்ட ஒரு சுற்று திரும்பித் திரும்பி வரும். எது தொடக்கம், எது முடிவு என்று பிடிபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

'ஃப்ரீலோடர்'னா யாரு?

ஓசியில் ஒட்டிக்கொள்பவர். பிலடெல்பியாவில் ஜாஸ் கலைஞர்களைச் சுற்றிச்சுற்றி வந்த ஒருவரை வைத்துப் போட்ட பெயர் என்பார்கள். நம் ஊரில் என்றால் 'ஓசி ஃப்ரெடி' ஆகியிருக்கும்.

ஒத்திகையே இல்லாம, ஒரே டேக்குல வாசிச்சாங்களாமே?

பாதி உண்மை. ஆல்பத்தின் பின்னட்டைக் குறிப்பை எழுதியவர் பில் எவன்ஸ். மெல்லிய தாளில் தூரிகையை இடையில் நிறுத்தாமல், அழித்துத் திருத்த வழியில்லாமல் வரையும் ஜப்பானிய ஓவிய முறையோடு இந்தப் பதிவை ஒப்பிட்டிருந்தார். ஸ்டுடியோவுக்கு வரும் சில மணி நேரத்துக்கு முன்தான் மைல்ஸ் இவற்றை யோசித்தார் என்றும், முதலில் முழுமையாக வாசித்ததே ஒவ்வொன்றிலும் ஏற்கப்பட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு அழகாக இருந்ததால் அதுவே வேதவாக்காகிவிட்டது.

முழு எழுத்துப் பிரதி யாரிடமும் இல்லை, ஸ்வர வரிசைகளும் குறிப்புகளும் மட்டுமே கையில் இருந்தன என்பது சரி. ஆனால் ஒலிநாடாக்களில் பாதியில் நின்ற முயற்சிகள் பல இருக்கின்றன. தொடங்குவார்கள், ஏதோ தவறும், மறுபடி தொடங்குவார்கள். 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' மட்டும் இரண்டு முறை முழுதாக வாசிக்கப்பட்டிருக்கிறது, ஆல்பத்தில் இருப்பது 6ஆவது டேக். கச்சேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை, அதற்காகத் தயாரிப்பே இல்லாமல் வருகிறார் என்றும் சொல்ல முடியாது.

நாடாவில் இருக்கும் ஒரு பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இசை இவ்வளவு மெதுவாகத் தொடங்குவதால் சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது, ஸ்நேர் டிரம் அதிர்வது பதிவாகிறது என்று தயாரிப்பாளர் இர்விங் டவுன்செண்ட் எச்சரிக்கிறார். அதுவும் இதோடு சேர்ந்ததுதான் என்று மைல்ஸ் சொல்லிவிடுகிறார்.

ஒரே ஆல்பத்துல ரெண்டு பியானோக்காரங்க ஏன்?

பில் எவன்ஸ் 1958இல் சில மாதங்கள் மைல்ஸின் குழுவில் இருந்துவிட்டு நவம்பரில் விலகிவிட்டார். 1959 தொடக்கத்தில் குழுவின் பியானோக்காரர் விண்டன் கெல்லி. ஆனால் மைல்ஸ் மனதில் இருந்த ஆல்பத்துக்கு எவன்ஸின் தொடுகை தேவைப்பட்டது, அவரைத் திரும்பக் கூப்பிட்டார். மார்ச் 2 அன்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்த கெல்லி, தன் இடத்தில் எவன்ஸ் இருப்பதைப் பார்த்துத் திகைத்தாராம். அன்று முதலில் பதிவானது 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', அதில் கெல்லி வாசித்தார். மற்ற நான்கும் எவன்ஸ்.

சிலர் அந்த டிராக்கை ஆல்பத்தின் பலவீனமான இடம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் தனி வாசிப்பே கெல்லியுடையது, வாசிக்கும்போதே தோள் ஆடுகிறது. நான்கு டிராக் முழுக்க யோசனையில் ஆழ்ந்திருக்கும் ஓர் ஆல்பத்துக்கு இப்படி ஒரு மனிதர் வேண்டும்.

பில் எவன்ஸ், கில் எவன்ஸ் ஒரே ஆளா?

வேறு வேறு ஆட்கள். பில் எவன்ஸ் பியானோ கலைஞர். கில் எவன்ஸ் இசைக் கோப்பாளர், மைல்ஸின் பெரிய வாத்தியக்குழு ஆல்பங்களுக்கு ஒழுங்கமைத்தவர். குழப்பம் அதோடு முடியவில்லை. 1980களில் மைல்ஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்த இன்னொரு பில் எவன்ஸும் உண்டு. அவருக்கும் இந்த ஆல்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

'புளூ இன் கிரீன்' உண்மையில யாரோடது?

அட்டையில் எல்லாப் பாடல்களும் மைல்ஸ் பெயரில்தான். தான்தான் எழுதியதாக எவன்ஸ் பிற்பாடு சொன்னார்: மைல்ஸ் இரண்டு கார்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார், மீதியைத் தான் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியதாக. அதே 1959 டிசம்பரில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு இதை மறுபடி பதிவுசெய்தபோது இருவர் பெயரும் போடப்பட்டது.

கேட்கிறவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது எவன்ஸ் மொழி. 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' தொடக்கத்திலும் அவர் கை தெரியும். 1958 இறுதியில் அவர் தனியாக வாசித்துப் பதிந்த 'பீஸ் பீஸ்' என்ற துண்டின் இரண்டு கார்டு ஊசலாட்டம்தான் அங்கே வருகிறது. ஆனால் அந்தத் துண்டுகளை இந்த ஆறு பேரை வைத்து, இந்த வேகத்தில், இவ்வளவு இடைவெளி விட்டு வாசிக்க வேண்டும் என்று முடிவுசெய்தது மைல்ஸ். எழுதியவர் யார் என்பதும், ஆல்பத்தை உருவாக்கியவர் யார் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

சர்ச்சுல பதிவு பண்ணாங்களாமே? இப்ப போய்ப் பார்க்கலாமா?

முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். மன்ஹாட்டனில் கிழக்கு 30ஆவது தெருவில் இருந்ததைக் கொலம்பியா ஸ்டுடியோவாக மாற்றியது. உயர்ந்த கூரை, மரத்தரை. மேலே சொன்ன சிம்பல் அடி அப்படி விரிந்து அடங்குவதற்கு அந்த அறையும் ஒரு காரணம். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பதிவுசெய்ததும் இங்கேதான். 1959இலேயே சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' என்ற இரண்டு ஜாஸ் ஆல்பங்களும் இதே அறையில் உருவாயின. ஒரே அறை, ஒரே ஆண்டு!

போய்ப் பார்க்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டுடியோ மூடப்பட்டு இடிக்கப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

பழைய எல்.பி.யோட சேர்ந்து கீபோர்டு வாசிச்சா சுருதியே சேரல. என் ரெக்கார்டு பிளேயர் தப்பா?

முதல் பக்கத்தில் மட்டும் சேரவில்லையா? அப்படியானால் பிளேயர் மேல் பழி போட வேண்டாம். மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஏற்றம் கிட்டத்தட்டக் கால் கட்டை. அன்று பதிவான மூன்று டிராக்குகளும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கம் சரியாக இருக்கிறது.

30 வருடத்துக்கு மேல் உலகமே இந்தத் தவறான சுருதியில்தான் கேட்டது. ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனையோ மாணவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நல்ல வேளையாக அன்று பாதுகாப்புக்காக இரண்டாவது இயந்திரமும் ஓடியிருந்தது, அதன் வேகம் சரி. 1992இல் அந்த நாடாவிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது, 1997 முதல் பொதுவாக விற்கும் பதிப்புகளிலும் அந்தத் திருத்தம் உண்டு. பழைய வேகத்தில் 'ஸோ வாட்' இன்னும் துடிப்பாக இருந்தது என்று சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். பழகிய காது விடாது.

என்கிட்ட இருக்கிற பழைய அட்டையில 'ஆல் புளூஸ்' இடத்துல வேற பேரு இருக்கே?

அச்சுப் பிழை. ஆரம்பப் பதிப்புகளில் இரண்டாம் பக்கத்தின் இரு தலைப்புகளும் இடம் மாறியிருந்தன. எவன்ஸின் குறிப்பிலும் அதே குழப்பம். ஆட்டமாக, ஆறு எண்ணிக்கையில் போவது 'ஆல் புளூஸ்'. தாளம் இருப்பதே தெரியாமல் மெதுவாக நகர்வது 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்'. பழைய அட்டையில் ஆடர்லியின் பெயரிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும்.

சி.டி.யில ஆறாவதா ஒரு டிராக் இருக்கு. அது என்ன?

ஒத்திகை பற்றிய பதிலில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' டிராக்கை இரண்டு முறை முழுதாக வாசித்தார்கள் என்றேனே, அதில் முதல் டேக். 1997 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதே 5 வரிசைகள், அதே ஆட்கள், ஆனால் மெட்டு என்று எழுதப்பட்ட ஒன்று இல்லாததால் ஒவ்வொருவரும் சொல்வது முற்றிலும் வேறு. ஒரு வரிசையில் எத்தனை நேரம் தங்குவது என்பதுகூட வாசிப்பவர் இஷ்டம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் மனோதர்மம் என்பது இங்கே எப்படி வேலை செய்கிறது என்று புரியும். மற்றபடி போனஸ் டிராக்குகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

இவ்வளவு புகழ் நியாயமா? சும்மா விளம்பரமா?

விற்பனைக் கணக்கு இருக்கிறது: அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்று 2019இல் கிடைத்தது. 2009 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இந்த ஆல்பத்தைப் பாராட்டி 409-0 என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்தச் சபையில் எல்லோரும் ஒத்துப்போன விஷயங்கள் அதிகம் இருக்காது.

ஆனால் ஜாஸில் இதுவே உச்சம், மற்றதெல்லாம் கீழே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே கோல்ட்ரேன், இரண்டாம் பதிவு நாள் முடிந்த இரண்டு வாரத்துக்குள் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்துக்காக இதற்கு நேரெதிரான வேலையைச் செய்தார். அங்கே கார்டுகள் மூச்சுவிட நேரமில்லாமல் மாறும், மோடல் பற்றிய பதிலில் சொன்ன நெரிசல் பஸ்ஸின் உச்சகட்டம் அது. ஒரே மனிதர், ஒரே மாதக் கணக்கில், இரண்டு வழியிலும் போயிருக்கிறார்.

ஆல்பம் வந்த கையோட மைல்ஸை போலீஸ் அடிச்சாங்களாமே?

உண்மை. 1959 ஆகஸ்ட் 25, வெளியாகி 8 நாள்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றவரை ஒரு போலீஸ்காரர் நகரச் சொன்னார். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்று பலகையில் இருந்த தன் பெயரைக் காட்டினார் மைல்ஸ். கொஞ்ச நேரத்தில் தலையில் அடி, ரத்தம், கைது. நீதிமன்றத்தில் பிறகு விடுவிக்கப்பட்டார். ஆல்பத்தின் அமைதியைப் பற்றிப் பேசும்போது, அதை வாசித்தவருக்குத் தெருவில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது என் வழக்கம்.

மைல்ஸுக்கே இது திருப்தியா இருந்ததா?

முழுதாக இல்லை. ஆப்பிரிக்க நடனக் குழு ஒன்றின் நிகழ்ச்சியில் கேட்ட விரல் பியானோவின் ஒலியும், சிறுவயதில் ஆர்கன்சா மாநிலத்து இருண்ட சாலையில் நடக்கும்போது கேட்ட தேவாலயப் பாட்டும் மனதில் இருந்தன, அவற்றைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டேன் என்று 1989இல் வந்த சுயசரிதையில் சொன்னார். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு 'ஆல் புளூஸ்' தொடக்கத்தில் பியானோ நடுங்குவதை வேறு காதோடு கேட்கிறேன்.

இதையே அவங்க மேடையில வாசிச்ச வீடியோ இருக்கா?

இருக்கிறது. இரண்டு பதிவு நாட்களுக்கும் நடுவில், 1959 ஏப்ரல் 2 அன்று, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 'ஸோ வாட்' வாசித்தார்கள். ஆடர்லிக்கு அன்று ஒற்றைத் தலைவலி, வரவில்லை. பியானோவில் கெல்லி. கோல்ட்ரேன் வாசிக்கும்போது மைல்ஸ் ஓரமாக ஒதுங்கி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார், ஆல்பம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது.